சேர்வராயன் மலையில் சமதளம் தேடி

ஹாலந்து நாட்டில் மேடு பார்க்க வேண்டுமென்றால் பாலத்தின் மேல் ஏற வேண்டும். மற்றபடி நாடு முழுக்கத் தோசைக்கல் மாதிரி கிடக்கிறது. எங்கள் மகன் குடியிருக்கும் சிற்றூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் புல்வெளி, வாய்க்கால், மாடு, மறுபடியும் புல்வெளி. அதற்கு நடுவே சைக்கிளுக்கென்றே சிவப்பாக ஒரு பாதை போகிறது. காரோ லாரியோ அதில் வரக் கூடாது. பாதை பிரிகிற இடத்தில் எண் போட்ட பலகை நிற்கும். எண்ணைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கலாம், வழி கேட்க ஆள் வேண்டாம். கேட்பதற்கு ஆளும் இல்லை என்பது வேறு விஷயம்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். வாய்க்கால் கரையில் சைக்கிள் விட்டு வளர்ந்தவன். போய்ச் சேர்ந்த மறுநாளே மகனுடைய பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிளம்ப முடியாதவள் என் மனைவி பூங்கொடி. அவள் ஏற்காட்டு மலைக்காரி, மாரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண். தொலைபேசி இலாகாவில் லைன்மேனாக இருந்த நான், கம்பி இழுக்க அந்த மலைக்குப் போய் அவளிடம் சிக்கிக்கொண்டேன். அந்த மலையில் யாரும் சைக்கிள் வைத்துக்கொள்வதில்லை. ஏறும்போது நாம் அதைத் தள்ள வேண்டும், இறங்கும்போது அது நம்மைத் தள்ளும். அப்படி ஒரு சாமான் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் ஹாலந்தில் சைக்கிள் தெரியாதவருக்குக் கால் இல்லாத மாதிரிதான். கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு, எல்லாவற்றுக்கும் அதில்தான் போகிறார்கள். அங்கே சைக்கிளிலேயே ஒரு வகை உண்டு. இரண்டு சக்கரம்தான், ஆனால் முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்திருக்கும். குழந்தைகளையும் காய்கறியையும் அதில் போட்டு ஓட்டுவார்கள். மகன் தன் அம்மாவை அதில் உட்கார வைத்தான். வேறு வழியும் இல்லை. பட்டுக்கரை போட்ட சேலையும் ஸ்வெட்டருமாக, முட்டைக்கோசுக்கும் ரொட்டிப் பொட்டலத்துக்கும் நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு பூங்கொடி ஊர்வலம் போனாள். பக்கத்தில் தன் குட்டிச் சைக்கிளில் வந்த பேத்தி யாழினி பள்ளிக்கூட வாசலில் வைத்து ஒரு கேள்வி கேட்டாள். "பாட்டி, பெரியவங்க யாருமே பெட்டியில வரதில்லையே. நீ மட்டும் ஏன் வர்ற?"

குழந்தை மனதில் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பூங்கொடி அதற்குப் பிறகு பெட்டியில் ஏறவில்லை. இருந்த நாள் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் ஏறும் நாளில் பேத்தியின் கன்னத்தைப் பிடித்துச் சொன்னாள். "அடுத்த தடவ பாட்டி சைக்கிள்ல வந்து உன்னைப் பள்ளிக்கூடத்துல உடறேன் சாமி." அந்த அடுத்த தடவைக்கு வரும் கோடைக்கே மகன் டிக்கெட் போட்டுவிட்டான். யாழினியோ தன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் நான் சொன்னேன், "திருவாரூர்ல இல்லாத சமதளமா? நாளைக்கே கத்துக்கொடுக்கறேன், வா." அவள் அசையவில்லை. "உங்க சொந்தக்காரங்க பார்த்தா அடுத்த கல்யாணப் பந்தியில இதையேதானுங்க பேசுவாங்க. எங்கூருக்குப் போயிக் கத்துக்கலாம். அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. அவங்க யாருக்கும் ஓட்டத் தெரியாதுங்க."

ஓட்டத் தெரியாதவர்கள் நடுவில் தப்பாக ஓட்டினாலும் தப்பென்று தெரியாது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அப்படித்தான் உலகத்திலேயே சைக்கிள் கற்றுக்கொள்ள லாயக்கில்லாத ஓர் இடத்துக்கு, சைக்கிள் கற்றுக்கொள்வதற்காக, மார்கழிக் குளிரில் புறப்பட்டோம்.

சேலத்தில் எங்களுக்காக ஒரு லேடீஸ் சைக்கிள் காத்திருந்தது. பூங்கொடியின் தம்பி பழனி, எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருப்பவர், தன் சினேகிதர் வீட்டில் சும்மா நின்றதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதை மலைக்கு ஏற்ற, மார்க்கெட்டில் சௌசௌ இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு குட்டியானை வண்டியும் பிடித்திருந்தார். பூங்கொடி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொள்ள நான் பின்னால் நின்றேன்.

கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். சைக்கிளோடு நின்றுகொண்டு போனவர் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பெடல் சுற்றி வந்து என் முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போட்டது. நான் கைப்பிடியை இறுக்கினேன், மணி அடித்தது. மணி அடித்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தினார். "என்னங்க, எறங்கோணுங்களா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த வளைவிலும் அதுவே நடந்தது. நாலைந்து வளைவுக்குப் பிறகு, "வயசானவருக்கு நிக்க முடியல போலிருக்குதுங்க, வாய் தொறந்து சொல்ல மாட்டேங்கறாரு," என்று பூங்கொடியிடம் குறைபட்டுக்கொண்டாராம். ஏற்காடு வந்தபோது என் கால் கன்றிப்போயிருந்தது.

ஒண்டிக்கடை என்கிற நாற்சந்தியில் டீ குடிக்க இறங்கினோம். டீயை விடச் சைக்கிளுக்குக் கூட்டம் கூடியது. "ஏனுங்க, இத வெச்சுக்கிட்டு இங்க என்னங்க பண்றது?" என்று டீ ஆற்றுபவர் கேட்டார். வண்டி வராத, மேடு பள்ளம் இல்லாத ரோடு ஒன்று வேண்டும் என்று நான் சொன்னேன். சும்மா இருந்திருக்கலாம். ஆளுக்கொரு ரோடு சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். மூன்றாமவர் தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போகிற ரோட்டை அடித்துச் சொன்னார். "அதாட்டம் சமமான ரோடு இந்த மலையிலயே கெடயாதுங்க." எரியும் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு வைத்தேன். மலை முழுக்கச் சமதளமாகத்தான் இருக்கிறது, நாம்தான் தெரியாமல் இருந்துவிட்டோம் என்று தோன்றியது.

பழனியின் வீட்டில் அன்று சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அதை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பழனியிடம் அவர் முடிவைக் கேட்டேன். "ஊட்டுக்குப் பின்னாடியே ஒரு ரோடு போகுதுங்க மாமா. நொம்ப சமமா இருக்கும். காலையில கூட்டிட்டுப் போறனுங்க," என்றார்.

காலையில் பனி விலகியதும் போனோம். முதல் வளைவு வரைக்கும் பழனி சொன்னது உண்மை. வளைவைத் தாண்டியதும் ரோடு எழுந்து நின்றது. நானும் பழனியும் முன்னும் பின்னுமாகச் சைக்கிளைத் தள்ளி மேலே கொண்டு போகும்போதே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"பழனி, இதையா சமம்னு சொன்னீங்க?"

"சமந்தானுங்க மாமா. எங்கம்மா தலையில மூட்டையோட வருமுங்க. இந்த ரோட்டுல நடுவுல எங்கயும் எறக்கி வெச்சதில்லீங்க."

பூங்கொடியும் ஆமாம் என்று தலையாட்டினாள். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இந்த மலையில் ரோட்டைக் கண்ணால் பார்ப்பதில்லை, கழுத்தால் பார்க்கிறார்கள். தலைச்சுமையை நடுவில் இறக்காமல் போய்ச் சேர முடிந்தால் அது சமம். ஒரு தரம் இறக்கி வைக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் ஏத்தம். அதற்கு மேல் போனால்தான் மேடு என்கிற பேச்சே வரும். எங்கள் ஊரில் தண்ணீர் விட்டால் நிற்க வேண்டும், அது சமம். இரண்டு அளவையும் வைத்துக்கொண்டு ஒரே சைக்கிளில் உட்கார முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று பூங்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஏறி வந்த பக்கமே சைக்கிளைத் திருப்பியிருந்தோம், இனி ஒரே இறக்கம். நான் பின்னால் கேரியரைப் பிடித்தேன். அவள் கீழே பார்த்தாள், வேண்டாம் என்று இறங்கிவிட்டாள். அவள் இறங்கிய வேகத்தில் நான் கையை விட்டேன். சைக்கிள் ஆள் இல்லாமலே கிளம்பி, வளைவு வரைக்கும் அழகாகப் போய், காப்பிச் செடிக்குள் நுழைந்து மறைந்தது. அந்த மலையில் அதுவரை நான் பார்த்ததில் அதுதான் ஒழுங்கான சவாரி.

மறுநாள் ஒண்டிக்கடைக்காரர்கள் சொன்ன ஒரு ரோட்டுக்குப் போனோம். என் கண்ணுக்கே அது ஏறக்குறைய சமமாக இருந்தது. நிழல், மிளகுக் கொடி ஏறிய மரங்கள், ஒரு வண்டி கிடையாது. ஹாலந்து மாதிரியே இருக்கிறது என்று பூங்கொடியிடம் சொன்னேன். அவளும் சந்தோஷமாகப் பெடலில் கால் வைத்தாள். விறகுச் சுமையோடு எதிரே வந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இந்த ரோட்டுல வண்டி எதுவும் வராதுங்களா?" என்று நம்பிக்கையோடு கேட்டேன்.

"வராதுங்க. இந்நேரத்துக்கு எவனும் வர மாட்டான்."

"ஏன்?"

"காட்டெரும நிக்குமுங்க. அந்தா, இப்பக்கூட நிக்குது."

நின்றது. ரோட்டுக்கு நடுவில், சாவகாசமாக, ஒரு லாரியின் பாதி அளவுக்கு நின்றுகொண்டு எங்களையும் சைக்கிளையும் பார்த்தது. விறகு அம்மா தன் பாட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கிப் போய்விட்டார். என் கை தவறி மணியில் பட்டது. காட்டெருமை காதை ஆட்டியது. நாங்கள் சைக்கிளைத் திருப்பக்கூடத் தைரியமில்லாமல், பின்னோக்கியே உருட்டிக்கொண்டு வெகுதூரம் நடந்தோம். வாகன நெரிசல் இல்லாத ரோடு கேட்டால் ஏன் இல்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்தப் பாடத்தை இலவசமாகவே எழுதி வைக்கிறேன்.

அதற்கடுத்த நாள் சேர்வராயன் கோயில் மலை. அதன் உச்சி தட்டையானது, மேசை மாதிரி விரிந்த புல்தரை. இதைப் பூங்கொடியே யோசித்துச் சொன்னாள். ஒரு ஜீப்பின் தலையில் சைக்கிளைக் கட்டி மேலே போனோம். தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் விடுமுறை நாள். வேன் வேனாக வந்து இறங்கியிருந்தார்கள். காற்று வேறு, நின்ற சைக்கிளைத் தள்ளிவிடும் காற்று. கூட்டம் குறைந்த ஓரமாகப் பார்த்துப் பூங்கொடியை ஏற்றி நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். சேலை காற்றில் பாய்மரமாகிச் சைக்கிள் ஒரு பக்கமாகவே போனது.

யாரோ ஓர் இளைஞன் போனை எடுத்தான். பிறகு அவனுடைய கூட்டம் முழுக்க எடுத்தது. "ஆன்ட்டி, விடாதீங்க, அப்படித்தான்," என்று கத்தினார்கள். கைதட்டினார்கள். கேலி செய்யவில்லை, உற்சாகப்படுத்தத்தான் செய்தார்கள். பூங்கொடி அப்படியே சரிந்து விழுந்தாள். எழுந்தாள், புடவையைத் தட்டிக்கொண்டாள், யாரையும் பார்க்காமல் ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பஜ்ஜி வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன், தொடவில்லை.

ஜீப் இறங்கும்போது சொன்னாள். "போதுமுங்க. டிக்கெட்ட வேண்டாம்னு சொல்லிருங்க. நான் வரல. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"பேத்திகிட்ட என்ன சொல்றது?"

"அவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாமத்தானுங்க வரலைங்கறேன்." அவள் ஜீப்புக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு அந்தக் கொழந்த கேட்டப்ப எனக்கு வாயில பேச்சு வரலீங்க. முட்டக்கோசுக்குக்கூட ஒரு மதிப்பு இருந்துது, அத வாங்கிட்டுப் போனாங்க. என்னைச் சும்மா ஏத்திட்டுப் போனாங்க."

அதுவரை இது எனக்கு ஒரு வேடிக்கைப் பயணமாக இருந்தது. அப்போதிலிருந்து அவளுக்கு இது எப்படியாவது வர வேண்டும் என்று நானும் ஆசைப்பட ஆரம்பித்தேன்.

அன்று இரவு பழனி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். கடைசியில் நான் ஆற்றாமையில் சொன்னேன், "இவ்வளவு பெரிய மலையில ஒரு சைக்கிள் சுத்தற அளவுக்குக்கூடச் சமமான இடம் இல்லையே, பழனி. சிமென்ட் போட்ட மாதிரி ஒரு இடம்."

"சிமென்ட் போட்ட எடம்னா எஸ்டேட்டுக் களம் இருக்குதுங்களே மாமா. காப்பி காய வெக்கிற களம். கோலிக் குண்டு உட்டாக்கூட உருளாதுங்க."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க ரோடுதானுங்களே கேட்டீங்க," என்றார் பழனி.

எஸ்டேட்டுக் கணக்கு வழக்கைப் பார்க்கும் ரைட்டர் அருணாசலத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மப்ளருக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரியும் மனிதர் அவர். பழ அறுவடைக் காலம், களம் முழுக்கக் காப்பிப் பழம். ஆனால் இரவில் அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். காலையில் பனி விலகித் தரை உலர்ந்த பிறகுதான் மறுபடி பரப்புவார்கள். அதுவரைக்கும் களம் காலி. ரைட்டர் வெகுநேரம் யோசித்தார். பிறகு குனிந்து சைக்கிளின் டயரை மோந்து பார்த்தார்.

"ரப்பர் வாசம் பழத்துல ஏறிருச்சுன்னா காப்பி கெட்டுப்போயிருமுங்க. டயரக் கழுவிட்டு ஓட்டுங்க. பழத்து மேல மட்டும் ஏறக் கூடாது."

தினமும் காலையில் டயரைக் கழுவுவது என் வேலை. மோந்து பார்ப்பது ரைட்டர் வேலை. முன் டயர், பின் டயர், இரண்டையும் மோந்து திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார்.

களத்தில் பழம் கிளறுகிற பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் ராசாத்தி. பூங்கொடியோடு சின்ன வயதில் விளையாடியவர். அவர் களத்துச் சட்டம் ஒன்றைச் சொன்னார். காப்பிக் காலத்தில் களத்தில் கால் வைத்தவர் யாராக இருந்தாலும், நீளக் காம்பு போட்ட பலகையால் பழத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு சால் இழுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இழுக்காமல் போனால் மழை வந்துவிடும். முதலாளியே வந்தாலும் ஒரு சால் இழுப்பாராம். மழைக்கும் மனிதன் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "தெரியலீங்க. ஆனா வந்துருமுங்க," என்றார்.

"அப்ப பூங்கொடி?" என்றேன்.

ராசாத்தி மற்றப் பெண்களோடு கலந்து பேசினார். "அக்கா சைக்கிள் மேல இருக்கற வரைக்கும் களத்துல கால் படலீங்க. அது கணக்கில்ல. கால் கீழ பட்டா, பட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சால் இழுக்கோணும்."

இதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. முதல் நாள் பூங்கொடியின் கால் நொடிக்கொரு தரம் தரையில் பட்டது. அந்தப் பெண்கள் விரல் விட்டு எண்ணினார்கள். வெயில் வந்து பழம் பரப்பிய பிறகு அவளும் நானுமாகப் பலகையை இழுத்தோம், இழுத்தோம், இழுத்துக்கொண்டே இருந்தோம். அவள் எஸ்டேட்டில் பிறந்தவள், கோடு பிசகாமல் இழுத்தாள். நான் இழுத்த சாலைப் பார்த்து, "மாமா நெல்லு வெதைக்கறாருங்க," என்றார் ராசாத்தி. என் இடுப்பு இரண்டு நாளைக்கு என் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் பூங்கொடி காலைக் கீழே வைக்கக் கொஞ்சம் யோசித்தாள். அதற்கடுத்த நாள் இன்னும் யோசித்தாள். சரியப் போகிறோம் என்று தெரிந்தாலும் காலை ஊன்றாமல், உடம்பை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வளைத்து எப்படியோ நிமிர்ந்தாள். நான் சொல்லிக்கொடுத்த நுணுக்கங்கள் ஒன்றும் உதவவில்லை. சால் இழுக்கும் பயம்தான் அவளை நிமிர்த்தி வைத்தது. ஒரு காலைப்பொழுது நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவதாக நினைத்து ஓடிக்கொண்டிருந்தேன். பார்த்தால் சைக்கிள் எனக்கு வெகுதூரத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் ஒருவரும் சத்தம் போடவில்லை. ராசாத்தி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன், பனி என்று சொல்லிக்கொண்டேன்.

பூங்கொடி களத்தைச் சுற்றினாள். மறுபடி சுற்றினாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சைக்கிளுக்கென்றே அமைந்த, வண்டிகள் வராத, துளி மேடில்லாத பாதை சேர்வராயன் மலையில் ஒன்றே ஒன்று உண்டு என்று அந்த நேரத்தில் கண்டுகொண்டேன். அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது என்பதுதான் ஒரே குறை.

அன்றைக்குப் பார்த்து வெயில் சீக்கிரம் வந்துவிட்டது. பெண்கள் தார்ப்பாயை நீக்கிப் பழத்தைப் பரப்ப ஆரம்பித்தார்கள். "எறங்குங்க அக்கா, பழம் போடோணும்," என்றார் ராசாத்தி.

"எப்படி எறங்கறதுன்னு தெரியலையே," என்றாள் பூங்கொடி, எங்களைக் கடந்து போய்க்கொண்டே.

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. காலைக் கீழே வைக்கக் கூடாது என்று மட்டுமே கற்றவளுக்கு, காலைக் கீழே வைத்து இறங்குவதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரேக் பிடி என்று கத்தினேன். பிடித்தால் விழுந்துவிடுவேன் என்று அடுத்த சுற்றில் பதில் வந்தது. வேலை நிற்க முடியாது. பெண்கள் அவள் போகிற வழியை மட்டும் விட்டுவிட்டு இருபுறமும் பழத்தைப் பரப்பினார்கள். வழி குறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் சிவப்பும் கறுப்புமான பழத்துக்கு நடுவில் ஒரு பலகை அகலத்துக்கு ஒரு சால் மட்டும் மிஞ்சியது. அதில் அவள் நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் ரைட்டர் வந்து களத்தோரம் நின்றார். மூக்கு துடித்தது.

குருவாகிய நான் சும்மா நிற்கலாமா? அவளைப் பிடித்து நிறுத்தலாம் என்று குறுக்கே ஓடினேன். காய்ந்த காப்பிப் பழத்தின் மேல் ஓடியவர்களுக்குத்தான் அது என்ன செய்யும் என்று தெரியும். கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் கிளம்பின. முழங்காலில் ஏதோ சடக்கென்றது. நான் பழத்தின் மேல் மல்லாந்து கிடக்க, என் தலைமாட்டில் மணி அடித்துக்கொண்டு பூங்கொடி கடந்து போனாள். "பார்த்துங்க," என்று மட்டும் சொன்னாள். இன்னும் இரண்டு சுற்றுப் போய், பிரிக்காமல் மூலையில் இருந்த கடைசிக் குவியலில் நேராக ஏற்றினாள். சைக்கிள் மெத்தென்று புதைந்து நின்றது. அவள் காலை ஊன்றினாள்.

ராசாத்தி சொன்னார், "கால வெச்சுட்டீங்க அக்கா. ஒரு சால் இழுங்க."

ரைட்டர் மெதுவாக நடந்து வந்தார். சால் முழுக்கக் குனிந்து பார்த்தார். குவியலிலிருந்து ஒரு கைப்பிடிப் பழத்தை எடுத்து மோந்தார். "அம்மா ஓட்டுனதுல ஒரு பழம் நசுங்கலீங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் கீழதானுங்க நெறைய நசுங்கியிருக்குது. கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?"

எழுந்திருக்க முடியவில்லை. பழனியும் இன்னொருவரும் என்னைத் தார்ப்பாயில் வைத்துத் தூக்கினார்கள். சேலத்து டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்து, நடக்கலாம், ஆனால் ஒரு வருஷத்துக்குச் சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்றார். மிச்ச நாட்களில் பழனி வீட்டுக் கட்டிலில் மிளகு ரசம் குடித்துக்கொண்டு படுத்திருந்தேன். தினமும் காலையில் களத்துப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. அவள் இறங்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று பழனி வந்து சொன்னார்.

கோடையில் ஹாலந்து போனோம். முதல் நாள் காலையில் மகன் தயங்கித் தயங்கி அந்தப் பெட்டிச் சைக்கிளை வெளியே கொண்டுவந்தான். கால் சரியில்லாத என்னைப் பள்ளிக்கூடம் வரைக்கும் எப்படிக் கூட்டிப்போவது என்று அவனுக்குக் குழப்பம். பூங்கொடி கைப்பிடியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். நான் எப்போதும் ஒல்லியான ஆள்தான். முட்டைக்கோசு அன்றும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யாழினி தன் சைக்கிளில் முன்னால் போனாள். எதிர்ப்பட்ட சிநேகிதிகளுக்கெல்லாம் பின்னால் கை காட்டி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். "எங்க பாட்டி ஓட்டறாங்கன்னு சொன்னேன், தாத்தா," என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு பாலம் வரும். அந்த ஊரில் இருக்கும் ஒரே மேடு அதுதான். அங்கே வந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு பெடலில் எழுந்து நிற்பார்கள், சிலர் இறங்கித் தள்ளுவார்கள். எதிர் வீட்டு மாட்டுக்காரக் கிழவர் பாலத்தடியில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை யாழினி தமிழில் சொன்னாள். "ஏத்தமா இருக்காம் பாட்டி. தாத்தாவை எறக்கி நடக்கச் சொல்லிட்டு ஏறினா நல்லதாம்."

பூங்கொடி பாலத்தை அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுங்களா? இது சமந்தானுங்களே. இதுக்குப் போயி யாராச்சும் மூட்டைய எறக்குவாங்களா?" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் மிதித்தாள்.

மூட்டை வாயைத் திறக்கவில்லை.